சருகும் காந்தமும்

மரத்திலிருந்து இலை உதிர்கிறது, மண்ணில் விழுகிறது, மக்கி உரமாகிறது. தொடக்கப் பள்ளிப் பாடநூல்கள் இச்செய்தியை இவ்வளவில் சொல்லி முடித்துவிடும். சொன்னது பொய்யன்று. ஆனால் 'மக்கி' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள், அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டும் முற்ற முடிவு காணாத கேள்வி ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

முருங்கை இலையை மண்ணில் போட்டால் விரைவில் இருந்த இடம் தெரியாமல் போகிறது. மாவிலை அவ்வாறு போவதில்லை. காய்ந்து, சுருண்டு, நெடுநாள் கிடக்கிறது. இந்நாட்டு ரப்பர் தோட்டங்களில் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் இலைகள் உதிர்ந்து, நடப்போர் காலடியில் சலசலக்கும். கனடாவின் குளிர்ந்த வடகாடுகளிலோ ஊசியிலைச் சருகு பல்லாண்டு கழிந்தும் உருக்குலையாமல் கிடப்பதுண்டு. குளிரும் ஈரமும் இதற்கு ஒரு காரணம். ஆனால் ஒரே மரத்தடியில், ஒரே மழையில் நனைந்து, ஒரே வெயிலில் காய்ந்து கிடக்கும் இருவகைச் சருகுகளில் ஒன்று விரைந்தும் மற்றொன்று மெல்லவும் மக்குவது ஏன்? அதற்கு விடை இலைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் பருவங்களை நம் மொழி பகுத்து வழங்குகிறது. சருகோடு பெயர் நின்றுவிடுகிறது. சருகுக்குப் பிறகு வரும் பருவங்களுக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. எல்லாம் மக்கு, எல்லாம் மண். அப்பருவங்களைத்தான் இன்றைய ஆராய்ச்சி தேடுகிறது.

இத்தேட்டம் வெறும் ஆர்வத்தால் எழுந்தது அன்று. பூமியின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழம்வரை உள்ள மண்ணில், மக்கிய தாவரப் பொருளாகவும் அதன் வழிவந்த பொருள்களாகவும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி டன் கரி அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டுள்ளனர். காற்றிலுள்ள கரியைக் காட்டிலும் இது மிகுதி. சருகு மக்கும்போது அதிலுள்ள கரியின் பெரும்பகுதி கரியமிலவாயுவாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. எது போகும், எது தங்கும் என்று அறிந்தால்தான் வெப்பமாகிவரும் இவ்வுலகின் வருங்காலக் கணக்கைப் போட முடியும். அக்கணக்கின் அடிப்படையில் பல்லாண்டுக் காலம் ஒரு சொல் நின்றது. அச்சொல் குறித்த பொருள் ஒன்றா, பலவா என்பதே இக்கட்டுரையில் காணப்போகும் செய்தி.

பழைய முறை எது என்பதை முதலில் காண்போம். சருகை உலர்த்தி, மாவாக அரைப்பர். கொதிநீரிலும், பிறகு கொழுப்பைக் கரைக்கும் திரவங்களிலும் இட்டு, கரைவனவற்றை நீக்குவர். எஞ்சியதை நூற்றுக்கு 72 பங்கு செறிவுள்ள கந்தக அமிலத்தில் ஊற வைத்து, பிறகு நீர் சேர்த்துக் கொதிக்க வைப்பர். செல்லுலோஸ் முதலிய சர்க்கரை இனப் பொருள்கள் எல்லாம் உடைந்து கரைந்து போகும். எதற்கும் கரையாமல் கரிய பொடி ஒன்று அடியில் தங்கும். அதை நிறுத்து, 'இவ்வளவு லிக்னின்' என்று எழுதிவிடுவர். சுவீடன் நாட்டு வேதியியலார் பீட்டர் கிளாசன் பெயரால் இம்முறை வழங்குகிறது. மரக்கட்டையை ஆராய்வதற்காக எழுந்த முறை இது. லிக்னின் என்பது மரத்துக்கு உறுதி தரும் பொருள். காகிதம் செய்வோர் அதைக் கட்டையிலிருந்து நீக்கியாக வேண்டும். ஆகவே கட்டையில் அது எவ்வளவு என்று அறிவது அவர்களுக்கு இன்றியமையாதது. கட்டைக்கு இம்முறை நன்றாகவே பொருந்தியது.

கட்டைக்குப் பொருந்தியது இலைக்கும் பொருந்தும் என்று கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது. 1982இல் அமெரிக்க அறிஞர் மெலில்லோவும் துணைவர் இருவரும் வடகிழக்கு அமெரிக்கக் காட்டு மரங்களின் சருகை ஆராய்ந்து, தொடக்கத்தில் சருகிலுள்ள லிக்னினை அதிலுள்ள நைட்ரஜனால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டே அது எவ்வளவு விரைவில் மக்கும் என்று மதிப்பிடலாம் எனக் காட்டினர். பயனுள்ள கண்டுபிடிப்பு. உலகெங்கும் அதைப் பின்பற்றினர். சருகு மக்க மக்க அமிலத்தில் கரையாத பொடியின் பங்கு கூடிக்கொண்டே போவதையும் கண்டனர். எனவே, நுண்ணுயிர்கள் மற்றவற்றைத் தின்றுவிடுகின்றன. லிக்னின் மட்டும் அழியாமல் எஞ்சி மண்ணாகிறது என்ற முடிவு பாடநூல்களில் நிலைபெற்றது.

இம்முடிவை ஆராய, இலையைக் கரைக்காமல் அதன் உள்ளிருப்பதைக் கேட்டறியும் கருவி ஒன்று வேண்டியிருந்தது. அது பௌதிக அறிஞரிடமிருந்து வந்தது. அதன் பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு.

பெயர் நீண்டது, கருத்து எளியது. பம்பரம் சுழலும்போது நேராக நில்லாமல் தலையைச் சாய்த்து வட்டமிடுவதைச் சிறுவரும் அறிவர். ஹைட்ரஜன் அணுவின் கரு அத்தகைய ஒரு சிறு பம்பரம்; கூடவே அது ஒரு சிறு காந்தமும் ஆகும். வலிய காந்தத்தின் நடுவே அதை வைத்தால் அதுவும் தலையாட்டி வட்டமிடும். எவ்வளவு வேகமாக? காந்தத்தின் வலிமைக்கு ஏற்ப. பூமியின் மெல்லிய காந்தத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2,000 தடவை. ஒரு டெஸ்லா அளவுள்ள காந்தத்தில் ஏறத்தாழ 4 கோடியே 26 இலட்சம் தடவை. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை அதன் ஆட்டத்திற்கு இசைந்த நேரத்தில் தள்ளினால் சிறு விசையாலேயே ஊஞ்சல் உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் பயனில்லை. அவ்வாறே, அணுக்கருவின் தலையாட்டத்திற்கு இசைந்த வேகமுள்ள வானொலி அலையை அனுப்பினால் கரு அதை ஏற்றுச் சாய்கிறது. அலையை நிறுத்தியதும், தட்டிய மணி ஓசையிட்டு ஓய்வது போல, தான் ஏற்றதை மெல்லிய வானொலியாக வெளியிட்டு ஓய்கிறது. கருவி அவ்வோசையைக் கேட்கிறது.

கேட்பது எளிதன்று. ஒரு டெஸ்லா காந்தத்தில், அறை வெப்பத்தில், காந்தத்தின் திசையில் நிற்கும் கருக்களும் எதிர்த்திசையில் நிற்கும் கருக்களும் ஏறக்குறையச் சமம். பத்து இலட்சத்துக்கு மூன்று அல்லது நான்கு கருவளவு மிகுதியே ஓசையாக வெளிப்படுகிறது. இதை முதன்முதல் திடப்பொருளிலும் திரவத்திலும் கேட்டவர்கள் அமெரிக்காவில் இருவேறு குழுவினர். ஹார்வர்டில் பர்செல் மெழுகில் கேட்டார். ஸ்டான்ஃபோர்டில் பிளாக் நீரில் கேட்டார். ஒருவரை ஒருவர் அறியாமல் 1945இன் இறுதியிலும் 1946இன் தொடக்கத்திலும் இதைச் செய்தனர். 1952இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் பெரிய குழாய் போன்ற காந்தக் கருவியும் இம்முறையின் வழிவந்ததே. அணுக்கரு என்ற சொல்லைக் கேட்டு நோயாளிகள் அஞ்சுவர் என்பதற்காக அங்கே பெயரின் முற்பகுதியை விட்டுவிட்டார்கள். உண்மையில் இங்கே எந்தக் கருவும் பிளப்பதில்லை. கேடு செய்யும் கதிரும் இல்லை.

முதலில் உயிருள்ள இலையைப் பார்ப்போம். பச்சிலையின் எடையில் பெரும்பங்கு நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. ஆகவே பச்சிலையைக் காந்தத்தில் வைத்தால் கேட்பது பெரும்பாலும் நீரின் ஓசை. மணி எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. தட்டுத் தடையின்றி இருக்கும் நீரின் ஓசை நெடுநேரம் நிற்கும். ஒடுங்கிய இடத்தில் அடைபட்டு, சுவர்களில் மோதிக்கொண்டிருக்கும் நீரின் ஓசை விரைவில் ஓயும். இலையின் உயிரணு ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் நிறைந்த பை ஒன்று உண்டு. அதிலுள்ள நீர் நெடுநேரம் ஒலிக்கும். பச்சையம் தாங்கிய மணிகளுக்குள் இருக்கும் நீர் அதனினும் விரைவில் அடங்கும். எனவே ஓய்ந்துபோகும் ஓசையை நேரத்தின்படி பிரித்துப் பார்த்தால், எவ்வளவு நீர் எந்த அறையில் இருக்கிறது என்று இலையின் திசுவைச் சிதைக்காமலே கூறிவிடலாம்.

பிரான்சு நாட்டின் ரென் நகரில் மாயா மூஸ் முதலிய ஆராய்ச்சியாளர் இவ்வழியில் எண்ணெய்க் கடுகுச் செடியின் இலைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். அச்செடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மூத்த இலை பழுக்கும்போது தன்னிடமுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு உதிர வேண்டும். எண்ணெய்க் கடுகு அதைச் சரிவரச் செய்வதில்லை. நைட்ரஜன் மிச்சமிருக்கும்போதே இலையை உதிர்த்துவிடுகிறது. உழவன் இட்ட உரம் சருகோடு தரையில் விழுகிறது. பழுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய இலையின் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. இலையிலிருந்து சிறு வட்டங்களை வெட்டிக் காந்தத்தில் வைத்துக் கேட்டபோது, இளமையில் ஒன்றாக ஒலித்த நீர்ப்பைகளின் ஓசை, முதுமை ஏற ஏற இரண்டாகப் பிரிந்தது. இலையின் மேலடுக்கு உயிரணுக்களும் கீழடுக்கு உயிரணுக்களும் வெவ்வேறு வகையில் உருமாறுவதே அதன் பொருள் என்று அவர்கள் விளக்கினர்.

வட்டமாக வெட்டவும் வேண்டாம் என்னும் நிலையும் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஆகன் நகரில் புளூமிக் குழுவினர் 1996இல் ஒரு பக்கம் திறந்த, கையிலெடுத்துச் செல்லத்தக்க காந்தக் கருவியை அமைத்தனர். பொருளைக் கருவிக்குள் நுழைக்காமல், கருவியைப் பொருளின்மேல் வைத்தால் போதும். ரப்பர் டயர்களின் தன்மையைப் பார்க்கவும் அது பயன்பட்டது என்பது நம் நாட்டினர்க்கு உவப்பான செய்தியாகும். 2009இல் ரோமாபுரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அத்தகைய கருவியைச் செடியிலிருந்து பறிக்காத இலையின்மேல் வைத்து, அதன் நீர்நிலையை அளந்து காட்டினர்.

சருகில் நீர் இல்லை. அல்லது மழையின் நீர்தான் உண்டு. அங்கே கேட்க வேண்டுவது கரியணுவின் ஓசை. இங்கே மூன்று தடைகள் குறுக்கிட்டன. அவற்றை வென்ற வரலாறு சுவையானது.

கரியணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 ஊமைகள். அவற்றின் கருவுக்குக் காந்தத் தன்மை இல்லை. 13 என்னும் நிறையுடைய கரியணு மட்டுமே ஒலிக்கும். அது இயற்கையில் நூற்றுக்கு 1.1 பங்கு. அதன் குரலும் ஹைட்ரஜனின் குரலைவிட மெலிது. இது முதல் தடை. 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பைன்ஸ், கிப்பி, வா ஆகிய மூவர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். அருகிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் வலிமையைக் கரியணுவுக்குக் கடனாகக் கொடுக்கச் செய்தனர். செல்வர் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைக்குக் கைமாற்றுக் கிடைப்பது போல. அருகில் ஹைட்ரஜன் இல்லாத கரியணுவுக்கு இக்கடன் கிடைக்காது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் தடை, சருகு திடப்பொருள் என்பது. திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் உருள்வதால் ஓசை தெளிவாக வரும். திடப்பொருளில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு திசையை நோக்கி நிலைத்து நிற்பதால், எல்லாக் குரலும் கலந்து இரைச்சலாகிவிடும். 1958இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் ரேமண்டு ஆண்ட்ரூவும் அவர் துணைவரும், பொருளைக் காந்தத்தின் திசைக்கு 54.7 பாகை சாய்த்து மிக வேகமாகச் சுழற்றினால் அவ்விரைச்சல் அடங்கி ஓசை தெளிகிறது என்று காட்டினர். அக்கோணத்தை 'மந்திரக் கோணம்' என்றே அறிஞர் அழைக்கின்றனர். மந்திரம் ஒன்றுமில்லை, கணக்கில் ஓர் உறுப்பு அக்கோணத்தில் சுழியாகிவிடுகிறது. இன்று அரைத்த சருகை விரல்நுனி அளவுள்ள வெண்பீங்கான் உருளையில் அடைத்து, அழுத்திய காற்றால் வினாடிக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழற்றுகிறார்கள். 1976இல் ஷேஃபர், ஸ்டெயஸ்கல் என்னும் இருவர் கடன் கொடுக்கும் முறையையும் மந்திரக் கோணச் சுழற்சியையும் ஒன்றாக இணைத்தனர். அதன் பிறகே சருகின் குரல் கேட்கத் தொடங்கியது.

மூன்றாவது, தடையாகத் தோன்றி வரமாக முடிந்தது. 1950இல் ஸ்டான்ஃபோர்டில் புரோக்டர், யூ என்ற இருவர் அம்மோனியம் நைட்ரேட்டு என்னும் உப்பில் நைட்ரஜனின் ஓசையை அளந்தனர். ஒரே குரல் வரும் என்று எதிர்பார்த்தனர், இரண்டு வந்தன. அவ்வுப்பில் நைட்ரஜன் இருவகைச் சேர்க்கையில் இருக்கிறது. ஒரு வகையில் ஹைட்ரஜனோடும், மற்றொரு வகையில் ஆக்சிஜனோடும் சேர்ந்திருக்கிறது. சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் காந்தத்தைச் சிறிது மறைப்பதால், அண்டை அயலுக்கு ஏற்பக் கருவின் குரல் சற்றே மாறுகிறது. கருவின் காந்தத்தைத் துல்லியமாக அளக்க விரும்பிய பௌதிக அறிஞர்க்கு இஃது ஒரு தொல்லை. வேதியியலார்க்கோ பெரும் புதையல்! குரலைக் கேட்டே அண்டை அயலை அறியலாம் அன்றோ?

குரலின் மாற்றம் பத்து இலட்சத்தில் சில நூறு பங்குக்குள் அடங்குவதே. அதனை ஒரு குறிப்பிட்ட பொருளின் குரலிலிருந்து எண்ணி 0 முதல் 220 வரை எண்களால் குறிப்பர். சருகின் வரைபடம் மலைத்தொடர் போலத் தோன்றும். 30 என்ற எண்ணருகே எழும் முகடு நீண்ட சங்கிலிக் கரியணுக்களைக் காட்டுகிறது. அவை இலைமேலுள்ள மெழுகும், இலைத்தோலாகிய கியூட்டினும் ஆகும். சேம்பிலையில் நீர் ஒட்டாமல் உருள்வது இம்மெழுகால்தான். 72ஐ ஒட்டிய உயர்ந்த முகடும், 105இல் உள்ள அதன் தங்கையும் செல்லுலோஸ் முதலிய சர்க்கரை இனத்தைக் குறிக்கின்றன. 56இல் கூர்மையான ஒரு சிறு முகடு லிக்னினின் முத்திரை. 145ஐயும் 155ஐயும் ஒட்டி இரட்டை முகடுகள் தோன்றினால் அங்கே டானின் மிகுதி என்று அறியலாம். டானின் என்பது தேயிலையிலும் கடுக்காயிலும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புப் பொருள். 173இல் அமில இனமும் புரதமும் ஒலிக்கும். அமிலம் ஊற்றவில்லை, எதையும் கரைக்கவில்லை, ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த நிலையிலேயே எல்லாம் தத்தம் பெயரைச் சொல்லிவிடுகின்றன.

இனி லிக்னின் வழக்குக்குத் திரும்புவோம். கனடாவில் 1992இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு நடந்த பெரிய சோதனை ஒன்று உண்டு. சிறு கண்ணுள்ள வலைப் பைகளில் அளந்த சருகை இட்டு, மேற்கே வான்கூவர் தீவிலிருந்து கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து வரையிலும், வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்த இனுவிக் வரையிலும், உலர்நிலத்தில் 18 இடங்களிலும் சதுப்பு நிலத்தில் 3 இடங்களிலும் தரையில் வைத்தனர். பூர்ச்ச மரம், பீச்சு மரம், நடுங்கும் ஆஸ்பென் ஆகியவற்றின் இலைகளும், ஐவகை ஊசியிலைகளும், பெரணியும், புல்லுமாகப் பத்து வகை; அவற்றோடு மரக்கட்டைத் துண்டும் வைத்தனர். குறித்த ஆண்டுகளில் சில பைகளை எடுத்து நிறுத்துப் பார்ப்பர். (பழைய கொசுவலையில் பை தைத்து, நம் பள்ளித் தோட்டங்களிலும் மாணவர் இதைச் செய்து பார்க்கலாம். தராசு ஒன்று இருந்தால் போதும். ஓர் ஆண்டுக்குள் முருங்கைக்கும் மாவிலைக்கும் உள்ள வேற்றுமை எண்ணாகவே தெரிந்துவிடும்.)

விக்டோரியா நகரிலுள்ள கனடிய வனத்துறை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கரோலின் பிரஸ்டன் அம்மையாரும் டிராஃபிமோவும் பிறரும் இச்சருகுகளைக் காந்தக் கருவியில் கேட்டனர். வெறும் சருகை மட்டும் கேட்டு நிற்கவில்லை. பழைய முறைப்படி அமிலத்தில் கரைத்து, அடியில் தங்கிய கரிய பொடியையும் தனியே எடுத்துக் கேட்டனர். 1997இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. லிக்னின் என்று எழுதிவந்த பொடியில் லிக்னின் இருந்தது உண்மை. ஆனால் 30ஐ ஒட்டிய முகடு ஓங்கி நின்றது; இலைத்தோலும் மெழுகும் அமிலத்துக்குக் கரையாமல் அங்கேயே தங்கியிருந்தன. டானினின் அடையாளமும் இருந்தது. மூவரையும் ஒரே பெயரில் பதிவேட்டில் எழுதிவைத்தது போன்ற நிலை.

ஆறாண்டு தரையில் கிடந்து மக்கிய சருகுகளை ஆராய்ந்த முடிவை 2009இல் வெளியிட்டபோது, கட்டுரையின் தலைப்பிலேயே 'லிக்னின் என்பதன் பொருள்' என்னும் சொற்களையும் சேர்த்தனர். சருகில் மற்றவை அழிய லிக்னின் மட்டும் குவிகிறது என்ற பழைய கணக்கு அங்கே பொருந்தவில்லை. கரிவகைகளின் பங்கு மாறியது உண்மை. ஆயினும் அமிலக் கணக்கு சொன்ன அளவுக்கு மாறவில்லை. அதனால் அப்பொடியை இப்போது பலர் லிக்னின் என்று சொல்வதை விட்டு, 'அமிலத்தில் உடையாத எச்சம்' என்றே எழுதுகின்றனர்.

எச்சம் என்ற சொல் தமிழாசிரியர்க்குப் புதியதன்று. பெயரெச்சமாயினும் வினையெச்சமாயினும் அது முற்றுப்பெறாத சொல். தன்னை முடிக்க இன்னொரு சொல்லை எதிர்நோக்கி நிற்பது. அமிலக் குடுவையின் அடியில் தங்கியதும் அத்தகையதே. அதை முற்றாகக் கொண்டு ஒரு பெயர்ச்சொல்லைச் சூட்டிவிட்டதால்தான் பல்லாண்டுக் காலம் ஒருவரும் அதற்குள் பார்க்கவில்லை. மெலில்லோவின் கணக்கு இதனால் பொய்யாகிவிடவில்லை. அவ்வெண் பெரிதாக இருக்கும் சருகு மெல்லவே மக்குகிறது என்பது இன்றும் பல இடங்களில் உண்மை. மெல்ல மக்குவதற்கான காரணத்தை ஒரே பொருளின்மேல் ஏற்றியதே தவறு. டானின் புரதத்தைப் பிணைத்து நுண்ணுயிரைத் தடுக்கும். மெழுகு நீரைத் தடுக்கும். லிக்னின் செல்லுலோஸைச் சுற்றி வேலியிட்டு நிற்கும். தடுக்கும் வழி வேறு. ஆகவே தடை நீங்கும் காலமும் வேறு. 2013இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியைச் சேர்ந்த பொனனோமி முதலியோர், காந்த வரைபடத்திலிருந்து எடுத்த எண்கள் சருகு மக்கும் வேகத்தைப் பழைய லிக்னின்–நைட்ரஜன் விகிதத்தைவிடச் சிறப்பாக முன்னறிவிக்கின்றன என்று காட்டியதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

நைட்ரஜனைப் பற்றிய நம்பிக்கை ஒன்றும் இவ்வாறே அசைந்தது. மக்கும் பொருளிலுள்ள நைட்ரஜன் நாளடைவில் வளையமான கடுஞ்சேர்க்கைகளாக இறுகி, அதனால்தான் மண்ணில் நிலைக்கிறது என்று பலர் கருதினர். 15 என்னும் நிறையுடைய நைட்ரஜனை உரமாக இட்டு வளர்த்த தாவரப் பொருளை ஹைகே நிக்கர் அம்மையாரும் லூடெமானும் 600 நாள் மக்கவைத்து, 1995இல் முடிவை வெளியிட்டனர். ஓங்கி ஒலித்தது புரத இனத்தின் குரலே. எளிதில் அழியும் என்று எல்லாரும் நினைத்த பொருள் இறுதிவரை இருந்தது! இத்தகைய சான்றுகள் பல சேர்ந்ததன் பயனாக, ஒரு பொருள் மண்ணில் நிலைப்பது அதன் உடல்வலிமையால் மட்டும் அன்று. களிமண்ணோடு ஒட்டிக்கொள்வது, காற்றில்லாத இடத்தில் சிக்குவது போன்ற சூழலாலும் ஆகும் என்ற கருத்து 2011க்குப் பிறகு வலுப்பெற்று வருகிறது.

காந்தத்தின் சொல்லை எல்லாம் வேதவாக்காகக் கொள்ளலாமா? கூடாது. முன்னர்க் கூறிய கடன்முறையின் குறை இங்கே வெளிப்படுகிறது. அடுப்புக்கரி போன்ற எரிந்த பொருளில் ஹைட்ரஜன் மிகக் குறைவு. கடன் கொடுப்பார் இல்லாத அக்கரியணுக்கள் வாய் திறப்பதில்லை. காட்டுத் தீ அடிக்கடி பரவும் ஆஸ்திரேலிய மண்ணில் கரித்துண்டு மிகுதி. அடிலெய்டு நகரில் ஸ்மெர்னிக்கும் ஓட்ஸும் 2000இல், உருளையில் இருக்கும் கரியணுக்களில் எத்தனை உண்மையில் ஒலித்தன என்று எண்ணிப் பார்க்கும் முறையை வகுத்தனர். சில மண்களில் ஒலித்தவற்றினும் ஒலியாதவையே மிகுதி என்று தெரிந்தது. கடன் கொடுக்காமல் நேரே கேட்கும் முறையும் உண்டு. அதில் எல்லாக் குரலும் நியாயமாக வரும். ஆனால் ஓர் இரவில் முடியும் வேலைக்குப் பல நாள் ஆகும்.

நம் பக்கத்து நாடுகளின் செம்மண்ணுக்கு வேறோர் இடையூறு உண்டு. மண் சிவப்பது இரும்பால். இரும்பு தானே ஒரு காந்தப் பொருளாகையால் தன் அருகிலுள்ள கரியணுக்களின் குரலை அமுக்கிவிடும். காட்டுத் தரையில் மேலாகக் கிடக்கும் சருகில் இத்தொல்லை இல்லை. சருகு மண்ணோடு கலந்த பின்னரே தொடங்குகிறது. நாம் எதை அறிய விரும்புகிறோமோ அந்தக் கட்டத்திலேயே கருவியின் செவி மந்தமாகிறது. ஆராய்ச்சியாளர் இதற்கு, மண்ணை நீர்த்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் பலமுறை கழுவி, இரும்பையும் மணற்சத்தையும் நீக்கிவிட்டுப் பிறகு கேட்கின்றனர். அமிலம் இல்லாமல் ஆராய வந்த முறை, செம்மண்ணுக்கு வந்ததும் அமிலத்தையே துணைக்கு அழைக்க நேர்ந்தது. ஒரு வேறுபாடு உண்டு. கழுவும்போது கரியில் ஒரு பகுதியும் கரைந்து போகிறது. போனது எவ்வளவு என்று முன்னும் பின்னும் நிறுத்துக் கணக்கிட்டு, அந்த எண்ணையும் வரைபடத்தோடு சேர்த்தே வெளியிடுகின்றனர்.